மூணு மில்லிமீட்டர் ஆயுசு

நியூஸ் பேப்பரில் 'லட்சம் கோடி' என்ற வார்த்தை கண்ணில் பட்டால், ஒன்று அது பட்ஜெட்டாக இருக்கும். இல்லை, ஊழலாக இருக்கும். இந்த வாரம் மூணாவதாக ஒரு உபயோகம் சொல்கிறேன்.

ஒரு செகண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை லட்சம் கோடி துண்டாக நறுக்குங்கள். (கையால் முடியாது. சும்மா மனசுக்குள் நறுக்குங்கள்.) அதில் ஒன்றரைத் துண்டு. ஒரு ஆசாமியின் மொத்த ஆயுசே அவ்வளவுதான். பிறந்து, ஓடி, செத்து, சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, எல்லாம் அந்த ஒன்றரைத் துண்டுக்குள் முடிந்துவிடும்.

ஆசாமியின் பெயர் பி-ஹாட்ரான். 'பாட்டம்' என்கிற கனமான குவார்க் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு திரியும் துகள். புரோட்டான்களை வெறித்தனமான வேகத்தில் மோதவிட்டால் எப்போதாவது பிறக்கும். மோதலில் பிறக்கும் இந்த ஆசாமியை யாரும் நேரில் பார்ப்பதில்லை. ஆனால் அது எங்கே பிறந்தது, எங்கே செத்தது என்று, நம் தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கை அளக்கிற கருவியை வைத்துக்கொண்டு சாதித்துச் சொல்கிறார்கள்.

நான் பத்தாவதோடு பிசிக்ஸுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு காமர்ஸ் குரூப்புக்கு ஓடியவன். அப்புறம் பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு பிளஸ், மைனஸ் தெரியாது. இதை எப்படிச் செய்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தபோது, ஃபார்முலாக்கள் வரிசையாக வந்து மிரட்டும் என்றுதான் எதிர்பார்த்தேன். படிக்கப் படிக்க, அட, நமக்குத் தெரிஞ்ச சங்கதியாச்சே! இது ஆடிட்டிங் சார்! சுத்தமான ஆடிட்டிங்!

ஆடிட்டர் என்ன செய்கிறார்? பணம் கை மாறும்போது அவர் ஸ்தலத்திலேயே இல்லை. எல்லாம் முடிந்து, மார்ச் 31 தாண்டி, ஆற அமர வருகிறார். ஒரு காபி சாப்பிடுகிறார். பிறகு வவுச்சரைக் கொண்டா, பில்லைக் கொண்டா, பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கொண்டா என்று ஒவ்வொரு காகிதமாகப் பிடித்துக்கொண்டு அது வந்த வழியே பின்னால் நடக்கிறார். நூறு காகிதம் ஒழுங்காக ஹெட் ஆபீஸ் வாசலில் போய் நிற்கும். நாலே நாலு மட்டும் பக்கத்துச் சந்தில் போய் நிற்கும். அங்கேதான் கேஸ்!

இந்த விஞ்ஞானிகள் தேடுவதும் அந்தப் பக்கத்துச் சந்தைத்தான். என்ன, அவர்களுடைய சந்து ஹெட் ஆபீஸிலிருந்து மூணு மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது.

ஸ்டாப் வாட்ச் வேண்டாம், ஸ்கேல் போதும்

ஒன்றரைத் துண்டு நேரத்தை அளக்க எந்த ஸ்டாப் வாட்ச்சும் உதவாது. பட்டனில் விரல் வைப்பதற்குள் கோடிக்கணக்கான தலைமுறை போயிருக்கும். அதனால் நேரத்தை விட்டுவிட்டு தூரத்தை அளந்தார்கள்.

கணக்கு சுலபம். வெளிச்சம் ஒரு துண்டு நேரத்தில் 0.3 மில்லிமீட்டர் போகும். பி-ஹாட்ரான் கிட்டத்தட்ட வெளிச்சத்தின் வேகத்தில் ஓடுகிறது. ஒன்றரைத் துண்டு ஆயுசு என்றால் 0.45 மில்லிமீட்டர். இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கும்போது ஐன்ஸ்டீன் உள்ளே வருகிறார். வேகமாக ஓடுகிறவனுக்குக் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று 1905-லேயே எழுதி வைத்துவிட்டுப் போன மனுஷர். அந்த ரூல்படி நம்ம ஆசாமிக்கு ரிட்டயர்மென்ட் தள்ளிப்போகிறது. நம் கண்ணுக்கு அவர் ஏழெட்டு மடங்கு அதிக நாள் இருக்கிறார். கடைசியில் மூணு மில்லிமீட்டர், மூணரை மில்லிமீட்டர் ஓடிவிட்டுத்தான் உயிரை விடுகிறார்.

1983-ல் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வுக்கூடத்தில் மேக், மார்க்-2 என்று இரண்டு குழுக்கள் இந்த ஆயுசை முதன்முதலாக அளந்து சொன்னபோது விஞ்ஞானிகளுக்கே ஆச்சரியம். அவர்கள் நினைத்திருந்ததைவிட ரொம்ப அதிகம்! ஒன்றரைத் துண்டைத் தீர்க்காயுசு என்று கொண்டாடியவர்கள் உலகத்திலேயே அவர்கள் மட்டும்தான் இருக்கும்.

தீபாவளி ராக்கெட் விடுவோமா? பாட்டிலில் நிறுத்திப் பற்றவைத்தால் 'விஷ்ஷ்' என்று மேலே போய் வெடித்து நாலா பக்கமும் பொறி சிதறும். இப்போது ஒரு கற்பனை. ராக்கெட் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, பொறிகள் மட்டும் தெரியும். ஒவ்வொரு பொறியும் வந்த பாதையைப் பின்னோக்கிக் கோடு போட்டுப் பாருங்கள். எல்லாக் கோடும் மொட்டைமாடி பாட்டிலில் வந்து சேராது. ஆகாயத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். ராக்கெட்டைப் பார்க்காமலே அது எங்கே வெடித்தது என்று சொல்லிவிடலாம். பாட்டிலுக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் ராக்கெட்டின் ஆயுசு.

பாட்டில் என்பது மோதல் நடந்த இடம். பொறிகள் என்பவை பி-ஹாட்ரானின் வாரிசுகள். தத்துவம் முடிந்தது. இனிமேல் தொல்லைதான்.

கேரம்போர்டு கணக்கு

முதல் தொல்லை, இந்தக் கூத்தெல்லாம் ஒரு குழாய்க்குள் நடக்கிறது. காற்றே இல்லாத, பெரிலியத்தில் செய்த மெல்லிய குழாய். புரோட்டான்கள் ஓடுவது அதற்குள்தான். குழாய்ச் சுவர் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மூணு மில்லிமீட்டரில் செத்துப்போகிற ஆசாமி சுவரைத் தொடுவதற்கு முன்பே காலி. சாட்சிகள் அத்தனை பேரும் சுவருக்கு வெளியே. சம்பவத்தைப் பார்த்தவர் ஒருத்தர் கிடையாது.

இரண்டாவது தொல்லை, தூரம். கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும். பாக்கெட்டை ஒட்டி நிற்கும் காயைத் தள்ளும்போது விரல் கொஞ்சம் கோணினாலும் காய் விழுந்துவிடும். அதே கோணலை வைத்துக்கொண்டு போர்டின் அந்தக் கோடியில் இருக்கும் காயை அடித்தால், காய் பாக்கெட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போகும். தூரம் கூடக் கூடத் தப்பும் பெருக்கும்.

பழைய கருவிகளில் பெரிய டப்பாவில் வாயுவை நிரப்பி, நடுநடுவே கம்பி கட்டி, துகள் போகும் பாதையைப் பிடித்தார்கள். நல்ல கருவிதான். ஆனால் மோதல் நடக்கும் இடத்திலிருந்து தள்ளி இருந்தது. துல்லியமும் ஒரு தலைமுடி, இரண்டு தலைமுடி அளவுக்குத்தான். அங்கிருந்து பின்னோக்கிக் கோடு போட்டால், பாட்டிலும் வெடித்த இடமும் ஒரே அப்பலாகத் தெரியும்.

ஆக, தேவை என்ன? குழாய்க்குப் பக்கத்தில் போய் உட்காரணும். தலைமுடியைவிடச் சன்னமாக அளக்கணும். ஆளும் ஒல்லியாக இருக்கணும். குண்டான கருவியை வழியில் வைத்தால் போகிற துகள் அதில் இடித்துத் திசை மாறிவிடும். ஆடிட் பண்ண வந்தவரே கணக்கைத் திருத்தின மாதிரி ஆகிவிடும்.

பட்டை போட்ட சில்லு

இந்த மூணு கண்டிஷனுக்கும் சரியென்று தலையாட்டியது சிலிக்கான். உங்கள் செல்போனுக்குள் உட்கார்ந்திருக்கிறதே, அதே சிலிக்கான். அதில் 0.3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சில்லு. மேலே இணைகோடுகளாக நூற்றுக்கணக்கில் பட்டைகள். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சில பத்து மைக்ரான். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி சுமார் 70 மைக்ரான்.) ஒவ்வொரு பட்டையும் ஒரு டயோடு. கரண்ட்டை உள்ளே விடாதபடி தலைகீழாக வோல்ட்டேஜ் கொடுத்து வைத்திருப்பார்கள். அதாவது கேட்டைப் பூட்டி, வாட்ச்மேனை உட்காரவைத்த வீடு. ஆள் நடமாட்டம் கிடையாது.

அதற்குள் மின்னூட்டம் உள்ள ஒரு துகள் ஊடுருவிப் போனால், போகிற வழியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எலெக்ட்ரான்களை அவை இருந்த இடத்திலிருந்து உதறிவிட்டுப் போகும். உதறப்பட்டவை பக்கத்தில் இருக்கும் பட்டைக்கு ஓடும். ஒரு செகண்டில் பத்து கோடியில் சில பங்கு நேரத்தில் பட்டையில் ஒரு சின்ன சிக்னல். 'சார், இந்தப் பக்கமா ஒருத்தர் போனார்!' இரண்டு பட்டைக்கு நடுவில் போனால்? இரண்டும் பாகம் பிரித்துக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்து வெயிட்டட் ஆவரேஜ் போட்டால், பட்டையின் இடைவெளியைவிடச் சன்னமாக இடத்தைச் சொல்லலாம். இதைப் படித்தபோதுதான் என் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பருக்கு மோட்சம் கிடைத்தது.

முதலில் இந்தச் சில்லுகள் கைவேலையாக இருந்தன. ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. 1980-ல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கெம்மர், கம்ப்யூட்டர் சிப் செய்கிற அதே ஃபேக்டரி முறையில் இதையும் செய்யலாம் என்று காட்டினார். ஜெனிவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் என்.ஏ.11 என்ற பரிசோதனையில், 1,200 பட்டை, 20 மைக்ரான் இடைவெளி என்று இவற்றை வரிசையாக நிறுத்தி, 'சார்ம்' என்ற இன்னொரு அற்பாயுசுத் துகளைப் பிடித்தார்கள்.

ஒரே சங்கடம், சில்லு உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கிற எலெக்ட்ரானிக்ஸ் அதைச் சுற்றிப் பெரிய மேஜை மாதிரி விரிந்து கிடந்தது. கல்யாணப் பெண் ஒருத்தி, கூட வந்த உறவுக்காரர் முந்நூறு பேர். 1984-ல் ஸ்டான்ஃபோர்டில் 'மைக்ரோப்ளெக்ஸ்' என்று ஒரு சிப் செய்து, 128 பட்டைகளின் வேலையை ஒரு துணுக்கில் அடக்கினார்கள். உறவுக்காரர்கள் எல்லாம் ஒரு காரில் ஏறிவிட்டார்கள்.

46,080 சாட்சிகள்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். சிகாகோவுக்குப் பக்கத்தில் பட்டேவியா என்ற ஊர். ஃபெர்மிலேப். அங்கே டெவட்ரான் என்று ஆறு கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு வளையம். (2011 செப்டம்பர் 30-ம் தேதி அதை மூடிவிட்டார்கள்.) ஒரு பக்கம் புரோட்டான், எதிர்ப்பக்கம் எதிர்-புரோட்டான், நடுவில் சி.டி.எஃப். என்ற ராட்சசக் கருவி.

இத்தாலியின் பைசா நகரத்துக்காரர் ஆல்டோ மென்சியோனே. (கோபுரமே சாய்ந்து நிற்கிற ஊர்.) அந்த ராட்சசனின் வயிற்றுக்குள், குழாயை ஒட்டி, சிலிக்கான் வைப்போம் என்று 1980களிலேயே பிடிவாதமாக நின்றவர். நிறையப் பேருக்கு நம்பிக்கை இல்லை. எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் மோதுவது இரண்டு கோலிக்குண்டு மோதுகிற மாதிரி, சுத்தமாக இருக்கும். புரோட்டான் அப்படியில்லை. அது மளிகைச் சாமான் மூட்டை. இரண்டு மூட்டையை மோதவிட்டால் துவரம்பருப்பு, கடுகு, மிளகு எல்லாம் சிதறும். அந்தக் குப்பையில் மூணு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் போய் எங்கே தேடுவது?

1992-ல் வைத்தே விட்டார்கள். பெயர் எஸ்.வி.எக்ஸ். அரை மீட்டர் நீளம். நாலு அடுக்கு. முதல் அடுக்கு, கதிரோட்டத்திலிருந்து மூணே சென்டிமீட்டர் தள்ளி. மொத்தம் 46,080 பட்டைகள். புரோட்டான் மோதலில் இப்படி ஒரு கருவி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது எல்லாரும் தேடிக்கொண்டிருந்தது 'டாப்' குவார்க்கை. பாட்டம் 1977-லேயே அதே ஃபெர்மிலேப்பில் கிடைத்துவிட்டது. அதற்கு ஜோடி இருந்தே ஆகவேண்டும் என்பது தியரி. பதினேழு வருஷம் வரன் தேடியும் ஜோடி அகப்படவில்லை. காரணம், டாப் ரொம்பக் கனம். கிட்டத்தட்ட ஒரு தங்க அணுவின் எடை, ஒற்றைத் துகளுக்கு! அவ்வளவு கனமான ஆசாமி ஒரு மில்லிமீட்டர் என்ன, ஒரு அணுவின் அகலம்கூட ஓடுவதில்லை. பிறந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

ஆனால் உடையும்போது ஒரு தடயம் விட்டுவிட்டுப் போகும். டாப் உடைந்தால் அதில் ஒரு பாட்டம் வரும். அந்தப் பாட்டம் பி-ஹாட்ரானாகி மூணு மில்லிமீட்டர் ஓடும். முதலாளி தலைமறைவு. ஆனால் அவருடைய கணக்கப்பிள்ளை தெருமுனை வரை நடந்து போயிருக்கிறார். அந்தக் கணக்கப்பிள்ளையின் காலடியைக் காட்டுவதுதான் எஸ்.வி.எக்ஸுக்கு உத்தியோகம்.

பன்னிரண்டு

1994 ஏப்ரல். சி.டி.எஃப். குழு கணக்கை முடித்தது. சுமார் லட்சம் கோடி மோதல்கள். (மறுபடியும் லட்சம் கோடி!) அவற்றில் டாப் குவார்க் மாதிரித் தெரிந்தவை பன்னிரண்டு. இரண்டு வேறு வகை. மீதிப் பத்தில் ஆறை, பக்கத்துச் சந்தில் வந்து சேரும் கோடுகளை வைத்து எஸ்.வி.எக்ஸ். அடையாளம் காட்டியது. ஏழை, பாட்டம் உடையும்போது வருகிற எலெக்ட்ரான், மியூவான் வழியாக வேறு ஒரு முறை காட்டியது. மூணை இரண்டு பேருமே காட்டினார்கள். இரண்டு சாட்சிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொள்ளாமல் ஒரே ஆளைக் கை காட்டினால் எந்த ஜட்ஜும் நிமிர்ந்து உட்காருவார்.

இந்த இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். பதினேழு வருஷத் தேடல். அதே வளையத்திலேயே டி-ஜீரோ என்று போட்டிக் குழு ஒன்று அதையே தேடுகிறது. நம் கையில் பன்னிரண்டு. இது வெறும் குப்பையில் தற்செயலாக வந்திருக்குமா என்று கணக்குப் போட்டால் 0.26 சதவீதம். நானூறில் ஒன்று. என் ஆபீஸாக இருந்தால் அன்றைக்கே ஸ்வீட் பாக்ஸ் வந்திருக்கும். மேனேஜர் மாலையோடு போட்டோ எடுத்திருப்பார்.

அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் 'கண்டுபிடிப்பு' என்ற வார்த்தையைப் போடவில்லை. 'ஆதாரம்' என்று மட்டும் போட்டார்கள். நானூறில் ஒன்று போதாது என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆடிட்டர் பாஷையில் சொன்னால் குவாலிஃபைடு ரிப்போர்ட். 'கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் இன்னும் வவுச்சர் வேண்டும்.'

இதற்கு நடுவில் இன்னொரு சோகம். அந்த முதல் எஸ்.வி.எக்ஸின் எலெக்ட்ரானிக்ஸ் கதிர்வீச்சைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. மூணு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஓயாமல் அடி வாங்கியதில் சிக்னல் மங்கி, இரைச்சல் கூடிவிட்டது. 1993-லேயே அதற்கு ஓய்வு கொடுத்து, கதிர்வீச்சைத் தாங்கும் சிப்களோடு புதிதாக ஒன்றை அதே இடத்தில் வைத்தார்கள். முதல் பன்னிரண்டில் ஆறைக் காட்டியது, உத்தியோகம் பார்த்துக்கொண்டே தேய்ந்துபோன அந்தப் பழைய ஆள்தான்.

புது ஆள் வந்து, மோதல்களின் எண்ணிக்கை மூணு மடங்குக்கு மேல் ஏறியது. இந்தத் தடவை சிலிக்கான் காட்டிய அடையாளங்கள் 27. வெறும் குப்பையிலிருந்து எதிர்பார்க்கக்கூடியது 6.7-தான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. 1995 மார்ச் 2-ம் தேதி சி.டி.எஃப்., டி-ஜீரோ இரண்டு குழுக்களும் ஒரே நாளில் 'கண்டுபிடித்தோம்' என்றார்கள். (டி-ஜீரோ அப்போது சிலிக்கான் இல்லாமல் வேறு வழியில் பிடித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கு கணக்காக இருக்கணும்.)

'ஆதாரம்' என்ற வார்த்தைக்கும் 'கண்டுபிடிப்பு' என்ற வார்த்தைக்கும் நடுவில் பத்து மாசம். அந்தப் பத்து மாசத்துக்காகவே அவர்களுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம்.

மென்சியோனேவுக்கும், அவரோடு உழைத்த லூசியானோ ரிஸ்டோரிக்கும், புரோட்டான் மோதலில் சிலிக்கானை வைத்து ஜெயித்ததற்காக 2009-ல் பனோஃப்ஸ்கி பரிசு கொடுத்தார்கள்.

கட்சி மாறும் துகள்

டாப்போடு கதை முடியவில்லை. பி-ஹாட்ரான்களில் 'பி-எஸ்' என்று ஒரு ஜாதி. அது திடீரென்று தன்னுடைய எதிர்த்துகளாக மாறும். மறுபடி பழையபடி ஆகும். மறுபடி மாறும். செகண்டுக்கு எத்தனை தடவை? 2.8 லட்சம் கோடி தடவை. தேர்தல் நேரத்தில்கூட நம்ம ஊரில் இந்த வேகத்தில் கட்சி மாறியவர்கள் கிடையாது. அதனுடைய ஒன்றரைத் துண்டு ஆயுசில் சுமார் நாலு தடவை தாவிவிட்டுத்தான் சாகும்.

இதையும் சி.டி.எஃப். 2006-ல் அளந்தது. அப்போது சிலிக்கான் கருவி ஏழு லட்சம் சேனலாக வளர்ந்திருந்தது. வழி அதே பழைய வழிதான். எவ்வளவு தூரம் ஓடிய பிறகு எந்தக் கட்சியில் இருந்தது என்று ஆயிரக்கணக்கான கேஸ்களைப் பட்டியல் போட்டார்கள். தூரத்தைக் காலமாக மாற்றினால் தாவலின் வேகம் வந்து விழுந்தது. ஸ்டாப் வாட்ச்சைத் தொடவே இல்லை.

நெருப்புக்குப் பக்கத்தில் நாற்காலி

இப்போது செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவு எல்.எச்.சி. வளையத்துக்கு வாருங்கள். அதில் சி.எம்.எஸ். என்ற கருவிக்குள் சுமார் 200 சதுர மீட்டர் சிலிக்கான். நல்ல வசதியான டபுள் பெட்ரூம் ஃப்ளாட் இரண்டின் தரை முழுக்க விரிக்கலாம். நடுவில், 2017-ல் மாற்றிய உள் அடுக்குகளில் பட்டைகளுக்குப் பதில் பிக்ஸல்கள், 12 கோடிக்கு மேல். இவை செகண்டுக்கு நாலு கோடி தடவை படம் பிடிக்கிறவை. உங்கள் போன் கேமராவைக் கொஞ்சம் தடவிக் கொடுத்து ஆறுதல் சொல்லுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தால்தான் துல்லியம். பக்கத்தில் உட்கார்ந்தால் சாவு. இந்தக் கருவிகளின் தலையெழுத்து இதுதான். சீறிப் போகிற துகள்கள் சிலிக்கான் அணுக்களை வரிசையிலிருந்து தட்டிவிடுகின்றன. பூட்டிய கேட்டில் ஓட்டை விழுந்து, துகள் வராமலே கரண்ட் கசிய ஆரம்பிக்கும். வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகணும். இதற்கு மருந்து குளிர். பூஜ்யத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். மெஷின் ஓடாத நாட்களிலும் நீண்ட நேரம் சூட்டில் விடக்கூடாது. காயம் தானாகவே மோசமாகும். மிக உள்ளே இருக்கும் அடுக்கைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறார்கள். சி.எம்.எஸ்ஸின் முதல் பிக்ஸல் அடுக்கு 2021-ல் அப்படித்தான் மாறியது.

எல்.எச்.சி.பி. என்ற இன்னொரு கருவியில் இன்னும் துணிச்சல். சிலிக்கானை இரண்டு கதவு மாதிரி செய்திருக்கிறார்கள். கதிர்களை வளையத்துக்குள் ஏற்றும்போது அவை கொஞ்சம் ஆடும். அந்த நேரத்தில் கதவுகள் விலகி நிற்கும். கதிர் நிலைத்ததும் மெதுவாக மூடும். 2022-ல் வந்த புதுக் கருவியில், மூடியபின் கதிரோட்டத்துக்கும் சிலிக்கானுக்கும் இடைவெளி 5.1 மில்லிமீட்டர். அடுப்பில் ரொட்டியைத் திருப்பும்போது நாம் கையை வைக்கிற தூரம்கூட இதைவிட அதிகம்.

இதனால நமக்கு என்ன சார்?

பின்வரிசையில் ஒருத்தர் கை தூக்குகிறார். 'எல்லாம் சரி சார், இதனால நமக்கு என்ன பிரயோசனம்?' எதிர்பார்த்ததுதான்.

ஒன்று, 2012-ல் கண்டுபிடித்த ஹிக்ஸ் துகள் நூற்றுக்கு 58 தடவை இரண்டு பாட்டமாகத்தான் உடைகிறது. ஆனால் அந்த வழியைக் குப்பையிலிருந்து பிரித்துப் பார்க்க 2018 வரை ஆயிற்று. பக்கத்துச் சந்தைக் கண்டுபிடிக்கும் சிலிக்கான் இல்லாவிட்டால் அது நடந்தே இருக்காது.

இரண்டு, சி.எம்.எஸ். கருவியில் 'ப்ரீஷவர்' என்று ஒரு பகுதி. நடுநிலை பையான் என்ற துகள் உடைந்து இரண்டு ஒளித்துகள் ஒட்டி ஒட்டி வரும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று மாதிரித் தெரிந்து ஏமாற்றும். அது ஒன்றா, இரண்டா என்று பிரித்துச் சொல்வது ப்ரீஷவரின் வேலை. அதற்கான சிலிக்கான் சென்சார்களில் ஒரு பங்கு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து செய்து அனுப்பியவை. நம்ம பக்கத்து ஊர்ச் சரக்கு ஜெனிவாவில் டூட்டி பார்க்கிறது.

மூணு, துகள் பிடிக்கச் செய்த இந்த பிக்ஸல் வித்தையிலிருந்து 'மெடிபிக்ஸ்' என்று சிப்கள் பிறந்தன. அதை வைத்து 2018-ல் நியூசிலாந்தில் மனிதக் கை கால்களைக் கலரில், முப்பரிமாணத்தில் எக்ஸ்-ரே எடுத்துக் காட்டினார்கள். எலும்பு ஒரு கலர், கொழுப்பு ஒரு கலர்.

இதிலும் திருப்தி இல்லை என்றால், ஒரு பிராக்டிகல் பிரயோசனம். அடுத்த தடவை உங்கள் ஆபீஸுக்கு ஆடிட்டர் வந்து, எட்டு மாசத்துக்கு முந்தைய ஆட்டோ ரசீதைக் கேட்டால் முறைக்காதீர்கள். நாலு அடுக்கு சிலிக்கானும் 46,080 பட்டையுமாக உட்கார்ந்து, எல்லாக் கோடும் ஹெட் ஆபீஸில் வந்து சேருகிறதா என்று அவர் பார்க்கிறார். மூணு மில்லிமீட்டர் தள்ளி வந்து சேர்ந்த கோடுகளில் ஒரு குவார்க்கே கிடைத்திருக்கிறது.

உங்கள் ஆட்டோ ரசீதில் என்ன கிடைக்குமோ, அது உங்களுக்கும் ஆட்டோக்காரருக்கும்தான் தெரியும்.